மின்சாரம் போன பிறகு கிடைக்கும் ஐந்து நிமிடம்: மெய்நிகர் கணினிகளை ஒழுங்காக நிறுத்துவது எப்படி?

கரவனெல்லயில் மின்சாரம் போவது செய்தியல்ல. கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வீதியும், கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய ஊடாக இறங்கிவரும் வீதியும் சந்திக்கும் இந்தச் சிறு நகரைச் சுற்றி இறப்பர் தோட்டங்கள் இருக்கின்றன. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்து இடிமழை தொடங்கினால் எங்கோ ஒரு கிளை முறிந்து கம்பியில் விழும். பிறகு அரை மணித்தியாலமோ, சில நேரம் அரை நாளோ ஊர் இருட்டில் இருக்கும்.

நாடு முழுவதற்கும் இது பழகிப்போன விடயம்தான். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதாகச் சொல்லப்பட்டு, நாடே இருண்டது.

மின்சாரம் போனதும் மெழுகுதிரி தேடுவோம். மேசைக்குக் கீழே யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். அது தருவது ஐந்து நிமிடம், கூடினால் பத்து நிமிடம். அந்த நேரத்துக்குள் கணினிக்குள் என்ன நடக்கவேண்டும், எந்த ஒழுங்கில் நடக்கவேண்டும் என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. கேட்பதற்கு இது தொழில்நுட்பக்காரர்களின் கவலைபோல இருக்கும். ஆனால் அந்தக் கணினிக்குள் இருப்பது காணாமலாக்கப்பட்ட ஒருவரைப் பற்றித் தாய் கொடுத்த வாக்குமூலமாகவோ, ஒரு காணி உறுதியின் ஒரேயொரு பிரதியாகவோ இருந்தால் அது நம் எல்லோரது கவலையாகவும் ஆகிவிடுகிறது.

பெட்டியில் இருந்தது இப்போது வட்டில் இருக்கிறது

எங்கள் மக்களுக்கு ஆவணம் என்பது வெறும் தாள் இல்லை. 1948இல் குடியுரிமை பறிபோன பிறகும், 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும், தோட்டத்து லயங்களில் ஒரு துண்டுக் கடதாசிதான் யார் இருப்பது, யார் போவது என்பதைத் தீர்மானித்தது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள், பிறகு யுத்தத்துக்குள்ளும் அகப்பட்டன. அவர்களில் பலர் இடம்பெயரும்போது முதலில் எடுத்துக்கொண்டது பிறப்புச் சான்றிதழ்கள் வைத்த பையைத்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மண் சரிந்தபோது, வீடுகளோடு வீட்டுப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின.

அதனால்தான் இன்று பல சிறிய அமைப்புகள் ஆவணங்களை வருடி, கணினியில் சேமிக்கின்றன. நானும் நேர்காணல் ஒலிப்பதிவுகளை அப்படித்தான் வைத்திருக்கிறேன். வன்னியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆவணச் சேகரிப்பு நிலையத்தில் ஒரேயொரு பழைய சேர்வர்தான் இருக்கிறது. அதற்குள் மூன்று "கணினிகள்" ஓடுகின்றன. ஒன்றில் வாக்குமூலங்களின் தரவுத்தளம், இன்னொன்றில் வருடியோடு வேலைசெய்யும் விண்டோஸ், மூன்றாவதில் கணக்குவழக்கு. ஒன்றுக்கு வைரஸ் வந்தாலும் மற்றதற்குப் போகாமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஒருநாள் அந்தச் சேர்வரை மீள இயக்கக் கட்டளை கொடுத்தபோது அது அணையவுமில்லை, எழும்பவுமில்லை. திரை கறுப்பாக இருந்தது, காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் வயரைக் கழற்றித்தான் நிறுத்தினார்கள். "இது ஏன் இப்படிச் செய்யுது?" என்று அங்குள்ள அக்கா தொலைபேசியில் கேட்டார்.

ஒரு கணினி இப்படி உறைந்து நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று, கணினிக்குள் கணினி ஓட்டுவதோடு நேரடியாகத் தொடர்புடையது. அதை அறிந்துகொண்டால் மற்ற எல்லாவற்றின் ஒழுங்கும் விளங்கிவிடும்.

ஒரு பெட்டிக்குள் பல கணினி

எந்தப் பணிசெயல் முறைமைக்கும் ஒரு கருப்பகுதி உண்டு. அதைக் கேர்னல் என்பார்கள். வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அதிகாரம் கேர்னலுக்கு மட்டுமே உண்டு. நாம் பயன்படுத்தும் செயலிகள் எல்லாம் அதனிடம் கேட்டுத்தான் நினைவகத்தையும் வட்டையும் தொடலாம்.

மெய்நிகர் கணினி என்பது இந்த ஒழுங்கைக் கொஞ்சம் குழப்பும் விடயம். உள்ளே ஓடும் விண்டோஸுக்கும் ஒரு கேர்னல் இருக்கிறது. தான்தான் இந்தப் பெட்டியின் முழு எசமான் என்று அதுவும் நினைக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு எசமான்கள் இருந்தால் என்ன செய்வது? முன்பு இதை மென்பொருள் தந்திரங்களால் சமாளித்தார்கள். 2005 நவம்பரில் இன்டெல்லும், 2006இல் ஏஎம்டியும், இதற்கான வசதியைப் புரொசெசருக்குள்ளேயே வைத்துக் கொடுத்தன. இன்டெல்லின் இந்த வசதி விஎம்எக்ஸ் எனப்படும். அதை இயக்கியதும், கேர்னலுக்கும் மேலான ஒரு படிநிலை புரொசெசரில் உருவாகிறது. அந்த மேற்படியில் நிற்கும் மென்பொருள், கீழே ஓடும் விருந்தாளிக் கணினிகளை ஓடவிடும். வேண்டியபோது தடுத்து நிறுத்தும்.

லினக்ஸில் இந்த மேற்பார்வை வேலையைச் செய்வது கேவிஎம். அவி கிவிட்டி என்பவர் கும்ரானெட் என்ற சிறிய நிறுவனத்தில் இருந்தபோது 2006இல் இதை வெளியிட்டார். 2007 பெப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. இன்று உலகின் பெரிய மேகக் கணிமை நிறுவனங்கள் பலவற்றின் அடித்தளத்திலும், வன்னியின் அந்தப் பழைய சேர்வரிலும் ஓடுவது அடிப்படையில் இதே மென்பொருள்தான்.

கட்டளை கேட்காத நிலை

இன்றைய புரொசெசர் ஒன்றுக்குள் நான்கு, எட்டு என்று பல கருவகங்கள் இருக்கும். கணினி தொடங்கும்போது முதலில் ஒரு கருவகம் மட்டுமே விழித்திருக்கும். அது மற்றவற்றுக்கு "இனிட்" என்ற சமிக்ஞையை அனுப்பும். தோட்டத்தில் காலையில் பேர் பதிவதற்குப் பெரட்டுக் களத்துக்கு அழைப்பார்களே, அதைப்போன்ற அழைப்பு இது. அந்தச் சமிக்ஞை கிடைத்த கருவகம், செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆரம்ப நிலைக்குத் திரும்பும். கணினியை மீள இயக்கும் வழிகள் சிலவும் கடைசியில் இந்தச் சமிக்ஞையில்தான் போய் முடிகின்றன.

சிக்கல் இங்கேதான் வருகிறது. ஒரு கருவகம் விஎம்எக்ஸின் மேற்படியில் நிற்கும்வரை இனிட் சமிக்ஞை அதற்கு எட்டாது. இது பிழையில்லை; இன்டெல் தன் கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கும் நடத்தை. ஏஎம்டியிலும் இதற்கு நெருங்கிய ஒரு நிலை உண்டு. அங்கே ஒரு பொதுத் தடையை எடுத்துவிடும்வரை சமிக்ஞை காத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே, மெய்நிகர் வசதியை நிறுத்தாமல் கணினியை மீள இயக்கினால் என்ன நடக்கும்? கேர்னல் தன் வேலையை முடித்துவிட்டதாக எண்ணிக் கடைசிக் கட்டளையைக் கொடுக்கும். புரொசெசர் அதைக் கேட்காது. திரை கறுத்திருக்கும், காற்றாடி சுற்றும், யாரும் எழும்பமாட்டார்கள். வயரைக் கழற்றினால் எல்லாம் போய்விடும். அது எப்போதும் வேலைசெய்யும் வழிதான். ஆனால் சேர்வர் உங்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தால், வயரைக் கழற்ற ஒருவர் பஸ் ஏறிப் போகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மேற்படியிலிருந்து இறங்கும் கட்டளையை ஒரு கருவகம் தனக்காக மட்டுமே நிறைவேற்ற முடியும். எட்டுக் கருவகங்கள் இருந்தால் எட்டும் தனித்தனியே இறங்கவேண்டும். ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்கமுடியாது.

லினக்ஸ் கற்றுக்கொண்ட விதம்

சாதாரணமாக மீள இயக்கும்போது எல்லாக் கருவகங்களையும் கேட்டு, ஒவ்வொன்றாக இறக்க நேரமிருக்கும். கேர்னலே முறிந்து விழும் நேரத்தில் அந்த அவகாசம் இல்லை. லினக்ஸில் அப்படியான வேளைக்குக் கேடம்ப் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. முறிந்த கேர்னலின் இடத்தில் ஒரு சிறிய கேர்னல் எழும்பி, நினைவகத்தில் இருந்ததை வட்டில் பதிந்துவைக்கும். என்ன நடந்தது என்று பிறகு ஆராய்வதற்கான சாட்சியம் அது. ஆனால் மெய்நிகர் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அந்தச் சிறிய கேர்னல் எழும்பத் தவறலாம். எழும்பி வேலையை முடித்தாலும் அதற்குப் பிறகு கணினி மீளத் தொடங்காமல் நின்றுவிடலாம்.

2008 இறுதியில் எடுவார்டோ ஹப்கோஸ்ட் என்ற நிரலாளர் இதற்குத் தீர்வு அனுப்பினார். முறிவு நேரத்தில், புறக்கணிக்கவே முடியாத வகையைச் சேர்ந்த ஒரு குறுக்கீட்டை எல்லாக் கருவகங்களுக்கும் அனுப்புவது. அதைப் பெற்ற ஒவ்வொரு கருவகமும் உடனே தன் மெய்நிகர் வசதியை நிறுத்துவது. சாதாரணக் குறுக்கீட்டை ஒரு கருவகம் காதில் போடாமல் விடலாம். இதை விடமுடியாது. மேற்படியில் நின்றாலும் இது எட்டும்.

அடுத்த பிரச்சினை பதிவேடுகளைப் பற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் விருந்தாளியின் நிலையை இன்டெல் புரொசெசர் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கும். அதில் ஒரு பகுதி நினைவகத்தில் இருக்கும், மறுபகுதி புரொசெசருக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அதை ஒழுங்காக எழுதி மூடாமல் விட்டால், பிறகு வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்ட நினைவக இடத்தில் பழைய பதிவு வந்து விழக்கூடும். அதனால் இறங்கும் முன் பதிவேட்டை மூடவேண்டும். முதலில் மூடுவது, பிறகு இறங்குவது. இந்த ஒழுங்கை மாற்றமுடியாது.

2023இல் கூகுளில் பணியாற்றும் ஷோன் கிறிஸ்டோபர்சன் இன்னொரு துளையை அடைத்தார். அதுவரை கேவிஎம், "மீள இயங்கப்போகிறோம்" என்ற அறிவிப்பு வந்ததும் மெய்நிகர் வசதியை நிறுத்திவிடும். ஆனால் அந்த அறிவிப்புக்கும் கணினி உண்மையில் நிற்பதற்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருந்தது. அதற்குள் ஏதாவது ஒரு செயலி புதிதாக ஒரு மெய்நிகர் கணினியைத் தொடங்கினால், நிறுத்திய வசதி மறுபடியும் இயங்கிவிடும். கடையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது பின்கதவால் ஒருவர் உள்ளே வருவதைப் போன்றது இது. இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. மூடும் வேலை தொடங்கிவிட்டால் புதிய மெய்நிகர் கணினி எதையும் அனுமதிப்பதில்லை என்பது ஒன்று. நிறுத்தும் வேலையை இன்னும் பிந்திய, உறுதியான கட்டத்துக்குக் கொண்டுபோவது மற்றது.

இவற்றோடு எனக்குப் பிடித்த ஒரு சிறு நுணுக்கமும் உண்டு. ஒரு கருவகத்தில் மெய்நிகர் வசதி நிறுத்தப்பட்ட பின்னும், அங்கே பாதியில் நின்ற ஒரு வேலை மெய்நிகர்க் கட்டளையொன்றைக் கொடுக்கப் பார்க்கலாம். புரொசெசர் அதை ஏற்காது, பிழை என்று சொல்லும். சாதாரண நாளில் அது பாரதூரமான கோளாறு; கேர்னல் உடனே எச்சரிக்கை எழுப்பும். ஆனால் "நாம் இப்போது மூடிக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு குறிப்பைக் கேவிஎம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும். பிழை வந்ததும் முதலில் அந்தக் குறிப்பைப் பார்க்கும். மூடும் நேரமென்றால் அந்தப் பிழையைப் பெரிதாக்காமல் கடந்துபோகும். ஒரே பிழைக்கு ஓடும்போது ஒரு பொருள், நிற்கும்போது வேறு பொருள்.

இந்த வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும் பாடம் ஒன்றுதான். தொடங்கும் வழியை எழுதுகிறவர் நிறுத்தும் வழியையும் அப்போதே எழுதவேண்டும். அதிகாரத்தின் மேற்படியில் நிற்பது தானாக இறங்காவிட்டால், கீழிருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது.

நம் மேசையில் செய்யவேண்டியது

கேர்னல் தன் பங்கைச் செய்யும். ஆனால் அது கடைசிக் கட்டம். அதற்கு முந்திய படிகள் நம் கையில் இருக்கின்றன.

முதலில் விருந்தாளிகள், பிறகு வீடு. உள்ளே ஓடும் கணினிகளை முதலில் அணைக்கவேண்டும். ஒரு விருந்தாளி தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது வெளிக்கணினி நின்றால், அந்தப் பதிவு அரைகுறையாக வட்டில் கிடக்கும். வேர்ச்சுவல்பொக்ஸ் பயன்படுத்துபவர்கள் சாளரத்தை மூடும்போது மூன்று தெரிவுகள் வரும். நிலையைச் சேமிப்பது, அணைக்கும் சமிக்ஞையை அனுப்புவது, மின்சாரத்தைத் துண்டிப்பது. மூன்றாவதைத் தொடவேண்டாம். அது வயரைக் கழற்றுவதற்குச் சமம். லினக்ஸ் சேர்வரில் லிப்வேர்ட் வழியாக மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர்கள், வெளிக்கணினி அணையும்போது விருந்தாளிகளைத் தானாகவே நிறுத்தவோ சேமிக்கவோ செய்யும் சேவை இயங்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

யூபிஎஸ் பேசவேண்டும். பெரும்பாலான இடங்களில் யூபிஎஸ் வெறும் பெட்டரியாகவே இருக்கிறது. அதன் பின்னால் யூஎஸ்பி துளை இருந்தால், அதைக் கணினியோடு இணைத்து, நட் எனப்படும் இலவச மென்பொருளை நிறுவலாம். பெட்டரி குறைந்ததும் கணினி தானாகவே ஒழுங்காக அணையும். நள்ளிரவில் மின்சாரம் போனால் பொத்தானை அழுத்த யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். விருந்தாளிகள் எல்லாம் அணைய எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று ஒருமுறை கடிகாரம் பார்த்து அளந்துகொள்ளுங்கள். உங்கள் பெட்டரி அதைவிடக் கூடுதலான நேரம் தாங்கவேண்டும்.

பகலில் ஒத்திகை பாருங்கள். பிரதி எடுத்துவைத்த பிறகு, ஆட்கள் இருக்கும் நேரத்தில், சுவரிலிருக்கும் சுவிட்ச்சை நிறுத்திப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக அணைகிறதா? மீள இயக்கச் சொன்னால் எழும்புகிறதா? கேர்னலைப் புதுப்பித்த ஒவ்வொரு தடவையும் ஒருமுறை மீள இயக்கிப் பார்ப்பது நல்லது. மெய்நிகர் கணினிகள் ஓடிய நாட்களில் மட்டும் மீள இயக்கம் உறைகிறது என்றால், கேர்னலையும் தாய்ப்பலகையின் நிலைபொருளையும் புதுப்பித்துப் பார்க்கவேண்டும்.

இரண்டு மேற்பார்வையாளர்களை ஒன்றாக வைக்காதீர்கள். 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 முதல், கேவிஎம் ஏற்றப்பட்டவுடனேயே மெய்நிகர் வசதியை எடுத்துக்கொள்கிறது. முன்பு முதலாவது மெய்நிகர் கணினி தொடங்கும்போதுதான் எடுத்துக்கொள்ளும். இதனால் அதே கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸைத் திறந்தவர்கள் பலர், வசதியை ஏற்கெனவே வேறொருவர் வைத்திருப்பதாகப் பிழைச்செய்தி கண்டார்கள். பயன்படுத்தாத ஒன்றை ஏற்றாமல் விடுவதே எளிய வழி. யார் எடுத்தது என்று தெரிந்தால்தான் யார் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் தெரியும்.

ஒழுங்காக அணைப்பது பிரதிக்கு ஈடாகாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக் கணிமைக் கட்டமைப்பு கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பிரதி இல்லாததால் அந்த மாதங்களின் தரவுகள் போயின. அரசுக்கே இந்த நிலை. மெய்நிகர் கணினியின் "ஸ்னப்ஷொட்" பிரதியாகாது. அதுவும் அதே வட்டில்தான் இருக்கிறது. ஒரு பிரதி வேறு வட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். வன்னியின் ஒரு பிரதி கரவனெல்லயில் இருக்கலாம், இங்குள்ளது அங்கே இருக்கலாம். வெள்ளமும் மண்சரிவும் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் வருவது அரிது. அனுப்பும் முன் கடவுச்சொல்லால் குறியாக்கம் செய்துவிடுங்கள். வாக்குமூலம் தந்தவரின் பாதுகாப்பு முதலாவது.

அந்த நிலையத்தில் இப்போது கேர்னலைப் புதுப்பித்துவிட்டார்கள். யூபிஎஸ்ஸையும் கணினியோடு இணைத்துவிட்டார்கள். சேர்வருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. முதலில் தரவுத்தளக் கணினி, இரண்டாவது வருடிக் கணினி, மூன்றாவது கணக்குக் கணினி, கடைசியாகச் சேர்வர் என்று அதில் இலக்கமிட்டு எழுதியிருக்கிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறார்கள். மின்சாரம் போகும் நேரத்தில் அந்த அறையில் காவலாளி ஐயா மட்டும்தான் இருப்பார், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அக்கா சொன்னார்.